மாலைக்கண்ணும் விழித்திரை ஆய்வும்



தொண்ணூறுகளில் விடுதியில் இருந்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கு மறந்திருக்காது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். இரவுப் படிப்பு முடிந்து வரும்போது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி வாங்குகளில் மோதுவாள். கிணற்றடியில் வாளியை இடறுவாள். "கண்ணைப் பிடரியிலயா வைச்சிருக்கிறாய்?" என்று சிரித்தோம். எல்லோரும் இருட்டில் தடுமாறிய நாட்களில் அவளுடைய தடுமாற்றம் வேறென்று எங்களுக்குத் தோன்றவில்லை. வீட்டில் மீனெண்ணெய் கொடுத்தார்கள், பொன்னாங்காணி கொடுத்தார்கள். முப்பது வயதில்தான் நோயின் பெயர் தெரிந்தது: ரெட்டினைற்றிஸ் பிக்மன்டோசா.

விற்றமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணை மாற்றலாம். இது அதுவல்ல. விழித்திரையில் மங்கலான ஒளியை உணர்பவை கோல் கலங்கள். பகல் வெளிச்சத்தையும் நிறத்தையும் உணர்பவை கூம்புக் கலங்கள். பரம்பரை அலகில் உள்ள பிழை பெரும்பாலும் கோல்களைத்தான் முதலில் கொல்கிறது. ஆனால் பிறகு, அந்தப் பிழையால் நேரே பாதிக்கப்படாத கூம்புகளும் இறக்கின்றன. வைத்தியர்களான எங்களை நெடுநாள் குழப்பிய விடயம் இது. கோல்கள் சுரக்கும் ஒரு புரதம் கூம்புகளைக் காக்கிறது என்று 2004இல் பரிஸில் தியரி லெவெய்யார், ஜோசே-அலன் சாஹெல் குழுவினர் காட்டினார்கள். கூம்புகள் குளுக்கோசை உள்ளிழுக்க அது உதவுகிறது என்பது 2015இல் தெரிந்தது. அயல்வீடு காலியானதும் இந்த வீட்டு அடுப்பும் அணைகிறது. அந்தப் புரதத்தைத் திரும்பக் கொடுத்தால் பகற் பார்வையையாவது காக்கலாமா என்பதே இப்போதைய முயற்சி.

2017இல் அமெரிக்கா அங்கீகரித்த லக்ஸ்டேர்னா சிகிச்சையைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். அது ஆர்பிஈ65 என்ற ஒரேயோர் அலகின் பிழைக்கு மட்டும். இரண்டு கண்களுக்கும் அறிவித்த விலை எட்டரை இலட்சம் டொலர்! அதுவும் உயிருள்ள கலங்கள் போதிய அளவு எஞ்சியிருந்தால்தான் கொடுப்பார்கள். இறந்த கலத்தை அது எழுப்பாது.

ஆகவே அந்தியில் தடுமாறும் பிள்ளையைக் கண்டால் கீரையோடு நிற்காமல் கண் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். மச்சான் மச்சாள் கலியாணம் செய்த குடும்பங்களில் இந்நோயின் சில வகைகள் கூடுதலாக வரும். அதை மறைக்காமல் சொல்லுங்கள். இந்நோயோடு சேர்ந்து வரும் கற்றராக்டையும் விழித்திரை வீக்கத்தையும் இங்கேயே கவனிக்கலாம்.

எங்கள் தோழி இரண்டாம் வரிசையில் இருக்கிறாள். அவளைக் கேட்டுத்தான் இதையெல்லாம் சொன்னோம். தன் தங்கைக்கும் இரவில் படி தெரிவதில்லை என்று போன மாதம் சொன்னாள். வருகிற கிழமை கூட்டிவரச் சொல்லியிருக்கிறோம்.