நிழல் படிந்த ஈரத் தரையில் என்ன நடலாம்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் தரை வீடுகளின் பின்புறத்தில் வெயில் படாத ஓர் இடம் இருக்கும். மாமரமோ ரம்புத்தான் மரமோ மேலே கவிந்திருக்கும். அங்கே புல் நட்டால் நாளடைவில் வெளுத்துப் பட்டுப்போகும். பிறகு பாசி படியும். துணி காயப்போடச் சென்ற என் தாயார் அந்தப் பாசியில்தான் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக் கொண்டார்.

சிமெண்டு போட்டால் தொல்லை தீரும் என்று பலர் நினைக்கிறோம். நிழலில் ஈரமான சிமெண்டிலும் பாசி பிடிக்கும். மரத்தின் வேருக்கும் நீர் இறங்காது. மண்ணை மூடிப் படரும் செடிகளே நல்ல வழி.

முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். மழை விட்டு வெகு நேரமாகியும் நீர் தேங்கி நின்றால், மண் கொட்டி மேடாக்கி, கால்வாய்ப் பக்கம் சரிவு வையுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுவின் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். ஈர மண் வேறு, தேங்கிய நீர் வேறு.

அடுத்து, செடிகள். முழு நிழலுக்கு மலாய்க்காரர்கள் 'காடுக்' என்று அழைக்கும் செடி ஏற்றது. மிளகு, வெற்றிலைக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஓடுதண்டு விட்டுத் தானே பரவும், இலையைச் சமைக்கலாம். நடைபாதை ஓரத்திற்குக் குட்டையாக வளரும் மோண்டோ புல் நன்று. மெதுவாகத்தான் பரவும் என்பதால் நெருக்கமாக நடுங்கள். தினமும் சில மணி நேரம் வெளிச்சம் விழும் இடத்தில் வல்லாரை செழிக்கும். ஆனால், சாக்கடை ஓரத்தில் வளர்ந்த வல்லாரையை உண்ணாதீர்கள். மண்ணிலுள்ள நச்சு உலோகங்களை அது உறிஞ்சிக் கொள்ளும்.

அழகுக்காகப் புரோமிலியாட் வைக்க வேண்டாம். அதன் இலைக்குருத்தில் நீர் தேங்கும். மஞ்சள் பூப்பூக்கும் வெடேலியா வெயிலை விரும்பும் செடி. மற்றச் செடிகளையும் அமுக்கிவிடும்.

செடி அடர்ந்தபின் அடியில் நெகிழிக் குவளை, டின் மறைந்து கிடக்கலாம். வாரம் ஒரு முறை விலக்கிப் பாருங்கள். நடக்கும் வழியில் மட்டும் சொரசொரப்பான கற்களைப் பதியுங்கள்.

என் தாயார் இப்போது அந்தக் கற்களின் மேல் நடந்து, காடுக் இலை பறித்து வருகிறார். வீட்டில் முதியவர் இருந்தால், இந்த வாரமே பின்புறத்தை ஒரு முறை பாருங்கள்.