கிள்ளத் தெரிந்த கை



ஊட்டிக்கு வந்து திரும்புகிறவர்கள் சாலையோரக் கடையில் ஒரு ஸ்ட்ராபெரி டப்பா வாங்கிக்கொள்வார்கள். மேலடுக்கு நல்ல சிவப்பு. வீட்டுக்குப் போய்த் திறந்தால் அடியில் காம்புப் பக்கம் வெளுத்த பழங்கள். இரண்டு நாள் வைத்தால் பழுத்துவிடும் என்று நினைப்பார்கள். பழுக்காது. மாங்காயை வைக்கோலில் புதைக்கலாம், வாழைத்தாருக்குப் புகை போடலாம்; ஸ்ட்ராபெரியிடம் அந்தப் பாச்சா பலிக்காது. பறித்த பிறகு நிறம் கொஞ்சம் ஏறும், இனிப்பு ஏறாது. காம்படி வரை சிவந்த பழத்தைக் காலைக் குளிரில் பறித்து அப்படியே வாயில் போட வேண்டுமானால், செடி நம் வாசலில் நிற்க வேண்டும்.

உதகைப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சில வருடங்களாக நாலு பாத்தி ஸ்ட்ராபெரி வைத்திருக்கிறேன். எல்லாம் விட்டு விட்டு வருடம் முழுக்கக் காய்க்கும் ரகம். நர்சரிக்காரர்கள் 'எவர்பேரிங்' என்பார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் நானும் வாங்கினேன். பெயரில் பாதிதான் உண்மை என்பது போகப்போகத் தெரிந்தது.

ஐரோப்பாவின் சாதாரண ஸ்ட்ராபெரி, பகல் சுருங்கும் இலையுதிர் காலத்தில் மொட்டுக் கட்டி, குளிர்காலம் தூங்கி, ஜூன் மாதம் மூன்று நான்கு வாரம் காய்த்துத் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். பழைய எவர்பேரிங் ரகங்கள் நேர்மாறு. நீண்ட கோடைப் பகலில் மொட்டுக் கட்டி, இரண்டாம் முறையும் காய்க்கும். மூன்றாவது வகை பகலின் நீளத்தையே பார்க்காது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராய்ஸ் பிரிங்ஹர்ஸ்ட், யூட்டா மாநிலத்து வாசாட்ச் மலையில் கண்டெடுத்த ஒரு காட்டுச் செடியின் குணத்தைத் தோட்டத்து ரகங்களில் ஏற்றினார். அந்த வழியில் முதல் ரகங்கள் 1979இல் வெளிவந்தன. இன்று எவர்பேரிங் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்த வம்சம்தான்.

இனி நம் மலைக்கு வருவோம். நீலகிரியில் பகலின் நீளம் வருடம் முழுக்க ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் கூடிக் குறைகிறது. நம்முடைய மிக நீண்ட பகலே பதின்மூன்று மணி நேரத்தைத் தொடாது. பழைய எவர்பேரிங் ரகம் ஐரோப்பாவில் காணும் பதினாறு மணி நேரக் கோடைப் பகலுக்கு இங்கே வழியே இல்லை. எனவே இங்கே பூவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குளிரும் வெயிலும்தான். அதற்கு மேல், நம் கை. ரகத்தின் பெயரைப் பார்த்துக் காசு கொடுத்துவிட்டு, கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தச் செடி ஒருமுறை காய்த்து, பிறகு கொடி ஓடி, புதராகிப் போகும்.

முதல் வருடம் நான் வைத்த செடிகளில் பாதி செத்தன. காரணம் எளியது. இந்தச் செடிக்கு வேருக்கும் இலைக்கும் நடுவே கட்டை விரல் போல ஒரு குருத்துக் கட்டை உண்டு. அது மண்மட்டத்தில் இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும், எழும்பி நின்றால் வேர் காயும். நாற்று ஆடாமல் நிற்கட்டுமே என்று நான் ஆழமாகப் புதைத்துவிட்டேன். இன்னொரு தப்பும் செய்திருந்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் யாருக்கும் நேரும். அந்தப் பாத்தி அதற்கு முந்தைய போகம் உருளைக்கிழங்கு போட்டது. உருளை, தக்காளி, கத்தரி விளைந்த மண்ணில் தங்கும் ஒரு வாடல் பூசணம் ஸ்ட்ராபெரியையும் பிடிக்கும். மூன்று நான்கு வருடமாவது அந்தப் பயிர்கள் ஏறாத இடமாகப் பாருங்கள். இடம் கிடைக்கவில்லையா, தொட்டியில் வையுங்கள். ஒரு சாண் ஆழம் போதும். வேர் மேலோட்டமானது.

இப்போது கிள்ளுவதற்கு வருகிறேன். இந்தக் கலையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

நட்ட மூன்றாவது வாரமே பூ எட்டிப் பார்க்கும். வெள்ளைவெளேர் என்று ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. அதைக் கிள்ளி எறிய வேண்டும். அடுத்து வருவதையும். ஆறு வாரம் வரைக்கும் விடாமல். நான் கிள்ளுவதை முதல்முறை பார்த்த என் மாமியார், "ஏங் கண்ணு, பூத்ததப் போய்க் கிள்ளறயே, கை எப்படி வருது?" என்று கேட்டார். "அத்தே, இப்பக் கிள்ளலைன்னா அப்புறம் காயே இருக்காதுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு பாத்தியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, பூவைத் தொடாமல் விட்டார். அவர் பாத்தியில்தான் முதலில் பழம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். நிலக்கடலை அளவில் ஏழெட்டு. அதோடு செடி களைத்துப்போய், பல வாரங்கள் பூக்கவே இல்லை. கிள்ளிய பாத்திகள் அதற்குள் இலை கட்டி, வேர் பிடித்து, தொடர்ந்து பூத்தன. அடுத்த வருடம் அவரே காலையில் போய்க் கிள்ளிவிட்டு வந்து என்னிடம் கணக்குச் சொன்னார்.

பூவுக்கு அடுத்து கொடியைக் கவனிக்க வேண்டும். தாய்ச்செடியிலிருந்து நூல் போல ஓடி, நுனியில் குட்டிச்செடி கட்டும். பார்க்க ஆசையாக இருக்கும். விட்டால் பழத்துக்குப் போக வேண்டிய சத்து அதற்குப் போகும். கண்டதும் நறுக்குங்கள். ஆனால் ஒரு செடியின் நல்ல காய்ப்பு இரண்டு, மூன்று வருடம்தான். ஆகவே இரண்டாம் வருடக் கடைசியில், நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடியாகப் பார்த்து, ஒன்றிரண்டு கொடியை ஓட விடுங்கள். மண் நிரப்பிய தேங்காய்ச் சிரட்டையில் குட்டியை ஊன்றி, ஒரு வளைத்த கம்பியால் அழுத்தி வைத்தால் ஒரு மாதத்துக்குள் வேர் பிடிக்கும். பிறகு கொடியை வெட்டலாம்.

தண்ணீரும் உரமும் பெரிய விஷயமில்லை. காலையில் வேரடியில் ஊற்றுங்கள், இலைமேல் வேண்டாம். வருடம் முழுக்கக் காய்க்கிற செடி என்பதால் மண்புழு உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாதம் ஒருமுறை வையுங்கள். தழைச்சத்து அதிகமானால் இலைக்காடாகிவிடும். காய்ந்த புல்லோ பைன் ஊசி இலையோ மூடாக்காகப் பரப்பினால் பழம் ஈரமண்ணில் படாது. ஜூன், ஜூலை மழையில் சாம்பல் பூசணம் வந்தால், அழுகிய பழத்தைப் பாத்தியில் போட்டுவைக்காமல் அன்றன்றே அகற்றுங்கள். ஓடில்லாத நத்தைக்கு ஒரு பலகைத் துண்டைக் கவிழ்த்து வையுங்கள், விடிந்ததும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். குருவிகளுக்கு வலை. குரங்குக்கு என்ன செய்வதென்று என்னைக் கேட்காதீர்கள்.

பழம் கோணலாக, ஒரு பக்கம் சூம்பிப்போய் வந்தால் பலர் பூச்சி என்று மருந்தடிக்கிறார்கள். பெரும்பாலும் பூச்சி இல்லை, பூச்சி வராததுதான் காரணம். ஸ்ட்ராபெரியின் மேலே விதை போல ஒட்டியிருப்பவைதான், தாவரவியல் கணக்குப்படி, அதன் கனிகள். நாம் தின்பது பூவின் அடிப்பாகம் பருத்த சதை. மகரந்தம் சேர்ந்த ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றியுள்ள சதையை ஊதச் செய்கிறது. 1950இல் நிட்ச் என்ற ஆய்வாளர் பிஞ்சிலிருந்து இவற்றைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தார். எடுத்த இடத்தில் சதை வளரவில்லை. தேனீ வராத மழை வாரங்களில் மெல்லிய தூரிகையால் பூவின் நடுவை வட்டமாகத் தடவிவிடுகிறேன். பலன் தெரிகிறது.

தேனீயைச் சொன்னதும் ஃபிரேசியே நினைவுக்கு வருகிறார். பிரெஞ்சுப் படைப் பொறியாளர். தென்னமெரிக்காவில் ஸ்பானியர் கோட்டைகளை வேவு பார்க்கப் போனவர், 1714இல் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் காய்க்கும் ஸ்ட்ராபெரிச் செடிகளோடு திரும்பினார். கப்பலில் பிழைத்தவை ஐந்து. ஊருக்கு வந்து அவை பூத்தன, காய்க்கவில்லை. எல்லாம் பெண் செடிகள். வட அமெரிக்காவின் வர்ஜீனியாச் செடி பக்கத்தில் வந்த பிறகுதான் காய்த்தன. அந்தக் கலப்பில் பிறந்ததே இன்று உலகம் தின்னும் ஸ்ட்ராபெரி. அந்தப் பெற்றோரை அடையாளம் கண்டு 1766இல் நூலெழுதிய துஷேனுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. நம் சாலையோரம் மஞ்சள் பூவோடு, சிவப்பாக, ருசியே இல்லாமல் காய்த்துக் கிடக்கிறதே ஒரு போலி ஸ்ட்ராபெரி, அதற்குத் 'துஷேனியா' என்று அவர் பெயரைத்தான் வைத்தார்கள். நீலகிரியின் பெயரைத் தாங்கிய அசல் காட்டு ஸ்ட்ராபெரியும் ஒன்று உண்டு, ஃபிரகேரியா நீல்கெரென்சிஸ். அதன் பழம் வெளிறியிருக்கும்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் பாத்தியைப் பழைய சாக்கால் மூடுங்கள். காலையில் பூவின் நடுப்பொட்டு கறுத்திருந்தால் அது போய்விட்டது, காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் என்ன கிடைக்கும்? கூடை கூடையாகக் கிடைக்காது. எங்கள் நாலு பாத்தியில் ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி வந்தால் பெரிது. ஜாம் காய்ச்ச நினைப்பவர்கள் ஒரே வீச்சில் காய்க்கும் ரகத்துக்கே போகலாம். சமவெளி நேயர்களுக்கும் ஒளிக்காமல் சொல்கிறேன். முப்பது டிகிரிக்கு மேல் வெயில் நிலைத்தால் இந்த ரகங்கள் பூப்பதை நிறுத்திக்கொள்ளும். சென்னை மொட்டை மாடியில் மார்கழி, தை மாதத்தில் நாலு பழம் பார்க்கலாம், சித்திரையில் செடியைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. அங்கே அந்தத் தொட்டியில் வெண்டை வைப்பது மேல்.

மலையில் இருப்பவர்கள் வையுங்கள். புதிதாக நட்டவர்கள் நாளைக் காலை பாத்திப் பக்கம் போய்ப் பாருங்கள். முதல் பூ வந்திருந்தால் யோசிக்காமல் கிள்ளிவிடுங்கள்.