சாயம் தந்த பயிர்



இடைக்காலத்தில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து சாயமிட்ட பருத்தித் துணிகள் கீழை நாடுகளுக்குக் கப்பலேறின. சிவப்பைத் தந்தது, கடலோர மணலில் விளையும் சாயவேர். அதைத் துணியில் நிலைக்கச் செய்தது படிகாரம். நீலத்தைத் தந்தது அவுரி. 1869-க்குப் பின் செயற்கைச் சிவப்பும், 1897-இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்து இச்சாகுபடியைச் சாய்த்தன.

ஆயினும் மரக்காணத்தை அடுத்த திண்டிவனம் பகுதியில் அவுரி இன்றும் பயிராகிறது. இலையை நீரில் ஊறவைத்துக் கடைந்தால் நீலம் அடியில் படியும். எஞ்சிய தழை வயலுக்கு உரம். பயறு வகைச் செடியாதலால் வேர்முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கும்.

உப்பளத்தை ஒட்டிய நிலமாயின் முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். வாங்குவோரிடம் விலை பேசிய பின்னரே விதையுங்கள். முதல் ஆண்டு கால் ஏக்கர் போதும். விலை தவறினாலும் மடக்கி உழலாம், மண்ணுக்கு நட்டமில்லை.