வேண்டாம் என்று சொல்வதற்கு முன்...

“ஒரு பருவம் வெளிநாட்டில் படித்துவிட்டு வரட்டுமா?” என்று பிள்ளை கேட்டால், நம் வீடுகளில் உடனே வரும் பதில், “அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?” என்பதுதான். டிப்ளோமா படித்த காலத்தில் நானும் கேட்டேன். அப்பா அதையே சொன்னார். உண்மையில் எவ்வளவு செலவாகும் என்று எங்கள் வீட்டில் யாருமே விசாரிக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

பெற்றோர்களே, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சென்றால், கல்விக் கட்டணத்தை வழக்கம்போல் இங்கேதான் கட்டுகிறோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாகக் கல்விக் கட்டணம் கிடையாது. விமான டிக்கெட், விசா, தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி போன்றவையே கூடுதல் செலவு. அதுவும் ஊருக்கு ஊர் மாறும். லண்டனில் ஆகும் செலவு பேங்காக்கில் ஆகாது.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே எடுக்கும் பாடங்கள் உங்கள் பட்டப்படிப்புக் கணக்கில் சேருமா என்று புறப்படுமுன் எழுத்துபூர்வமாக உறுதிசெய்துகொள்ளுங்கள். தவறினால் பட்டம் பெறுவது தள்ளிப்போகலாம்.

அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம். ஆனால், பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.