ஒரு கிண்ணத் தேநீரும் சமாதானமும்
(பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சமாதானம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அதைப் பற்றி நீங்கள் கேட்காத பிரசங்கமில்லை. ஆகவே, ஒரு கிண்ணத் தேநீரைப் பற்றிச் சொல்லலாமென்று எண்ணுகிறேன்.

முத்துக்குளித்துறை மக்களிடையே பணிபுரிந்த நம் புனித சவேரியார் 1549-ல் ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அந்நாடு அப்போது ஓயாத உள்நாட்டுப் போர்களால் சிதறிக் கிடந்தது. அந்தப் போர்க்காலத்திலேதான் ஜப்பானியரின் தேநீர்ச் சடங்கு செம்மை பெற்றது. அதற்கு எளிமையான வடிவம் தந்தவர் சென் நோ ரிக்யூ (1522–1591) என்னும் பெரியார்.

அவருடைய தேநீர்க் குடில் மிகச் சிறியது. அதன் வாயில் சுமார் இரண்டரை அடி உயரமே. எத்தகைய பிரபுவானாலும் தம் வாளை வெளியே வைத்துவிட்டு, முழந்தாளிட்டுத் தலைகுனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே ஒரே கிண்ணத்திலிருந்து ஒருவர் பருகி, விளிம்பைத் துடைத்து அடுத்தவருக்குத் தருவார். இணக்கம், மரியாதை, தூய்மை, அமைதி என்னும் நான்குமே இச்சடங்கின் தூண்கள்.

அந்தக் கிண்ணமும் ஒரு பாடமே. விலையுயர்ந்த சீனக் கிண்ணங்களைப் பெருமையாகக் கருதிய காலத்தில், ரிக்யூ ஓடு செய்யும் தொழிலாளியான சோஜிரோவைக் கொண்டு, சக்கரமின்றிக் கையாலேயே கிண்ணம் வனையச் செய்தார். 'ராக்கு' என்னும் மட்பாண்டக் கலை அவ்வாறே பிறந்தது. கிண்ணம் உடைந்தால் எறிவதில்லை. அரக்கால் ஒட்டி, விரிசலின்மேல் பொன்தூள் இடுவார்கள். காயம் மறைக்கப்படுவதில்லை, ஆனால் கிண்ணம் மீண்டும் கைக்குக் கை மாறும்.

ரிக்யூவின் சீடர்களில் ஒருவர் நம் மறையைச் சார்ந்த யுஸ்தோ தக்கயாமா உக்கோன். 1587-ல் ஆட்சியாளர் ஹிதேயோஷி விசுவாசத்தைக் கைவிடச் சொன்னபோது, அவர் தம் நிலத்தையும் பதவியையுமே கைவிட்டார். தேநீர்க் குடிலில் திருவுருவம் ஒன்றை வைத்துத் தனிமையில் செபிப்பது அவர் வழக்கமென்று யேசு சபையினர் எழுதி வைத்துள்ளனர். 1614-ல் நாடு கடத்தப்பட்டு, மறு ஆண்டு மணிலாவில் உயிர்நீத்தார். 2017-ல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது.

ஆனால் அன்பர்களே, ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஹிதேயோஷியும் தேநீர்ப் பிரியரே! 1591-ல் ரிக்யூவைத் தற்கொலை செய்துகொள்ளுமாறு ஆணையிட்டவர் அவரே. மறு ஆண்டே கொரியாவின்மீது படையெடுத்தார். கொரியக் குயவர்கள் பலர் சிறைபிடிக்கப்பட்டு ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டனர். இன்று உலகம் வியக்கும் அரித்தா பீங்கான் அவர்கள் கைவண்ணத்தில் தொடங்கியதே. ஆக, கிண்ணம் தானாகச் சமாதானம் தராது. வாசலில் வைத்த வாளைத் திரும்பும்போது மறுபடி எடுத்துக்கொள்பவனை எந்தச் சடங்கும் மாற்றாது.

எடுக்காமற்போனவரும் உண்டு. ரிக்யூவின் பதினைந்தாம் தலைமுறை ஆசான் சென் கென்ஷிட்சு, இரண்டாம் உலகப் போரில் தற்கொலைத் தாக்குதலுக்கெனப் பயிற்சி பெற்ற விமானி. உயிர் தப்பிய அவர், ஒரு கிண்ணத் தேநீரால் அமைதி என்னும் செய்தியை உலகெங்கும் சுமந்தார். 2011-ல் பேர்ல் துறைமுகத்திலேயே, ஜப்பானியத் தாக்குதலில் மாண்ட அமெரிக்கருக்காகத் தேநீர் படைத்தார். 2025-ல் தம் 102-ஆம் வயதில் காலமானார்.

நம் நிலை என்ன? சாதிக்கொரு குவளை வைத்த தேநீர்க் கடைகள் நம் மண்ணில் இருந்தன. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் கண்ட பங்குகளும் உண்டு. ஒரே அப்பத்தில் பங்குகொண்டு வெளியே வந்தவர்கள், ஒரே குவளையில் பருகக் கூசியது எத்தனை பெரிய வெட்கம்! கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம், பகையைக் கழற்றுகிறோமா?

இந்தப் பொன்விழாவிலே ஒரு சிறு முயற்சி செய்வோம். ஆண்டுக்கணக்கில் பேசாத ஒரு வீட்டின் கதவைத் தட்டுவோம். தலைகுனிந்து நுழைவோம். அவர்கள் தரும் குவளையை இரு கைகளாலும் வாங்கிப் பருகுவோம். உடைந்த இடம் தெரியட்டும். அதன்மேல் பொன் பூசுவோம். அதுவே இவ்விழாவின் மெய்யான பொன்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!