பூட்டிய பிறகே பதிவு



துறைமுகத்தில் நின்ற ஒரு சரக்குக் கப்பல் எண்ணெய் நிரப்பி முடித்திருந்தது. அளவைச் சரிபார்க்க வந்த சர்வேயர், கையெழுத்து வாங்கவேண்டிய தாள்களை அச்சடித்துக்கொள்ள அனுமதி கேட்டார். இன்ஜின் கட்டுப்பாட்டு அறையில் இருந்த கணினியில் தன் பென்டிரைவைச் செருகினார். தாள் கைக்கு வந்தது. வைரஸ் கப்பலின் அலுவலக நெட்வொர்க்குக்குள் போனது. அவருக்கும் தெரியவில்லை, கப்பல்காரர்களுக்கும் தெரியவில்லை. பிற்பாடு நடந்த ஒரு சைபர் பரிசோதனையில்தான் விஷயம் வெளியே வந்தது. பிம்கோ முதலிய சர்வதேசக் கப்பல் அமைப்புகள் சேர்ந்து வெளியிடும் பாதுகாப்பு வழிகாட்டியில் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வ.உ.சி. துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தால் ஏஜென்ட், சர்வேயர், சரக்குக் கணக்குப் பார்ப்பவர் என்று எத்தனையோ பேர் ஏறி இறங்குகிறார்கள். கப்பல் நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்பு நிர்வாகத்தில் சைபர் ஆபத்தையும் சேர்க்கவேண்டும் என்ற சர்வதேசக் கடல்சார் அமைப்பின் முடிவு 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த ஆபத்தைத் தவிர்க்க வழி எளிது: வெளியார் பென்டிரைவுக்கென்று, எந்த நெட்வொர்க்கிலும் சேராத ஒரு கணினியையும் ஒரு பிரிண்டரையும் தனியாக ஒதுக்கிவிடுவது. கரையில் உள்ள ஷிப்பிங் அலுவலகங்களுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

கீழே கிடக்கும் பென்டிரைவை எடுத்துச் செருகுவதும் இதே ஆபத்துதான். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே 297 பென்டிரைவ்களைப் போட்டு வைத்தார்கள். ஏறக்குறைய பாதியில் இருந்த கோப்புகளை யாரோ ஒருவர் திறந்து பார்த்துவிட்டார். பெரும்பாலோர் உரியவரிடம் சேர்க்கலாம் என்ற நல்ல எண்ணத்தில்தான் திறந்தார்கள்.

பென்டிரைவ் வழியாக உள்ளே வருவது ஒரு ஆபத்து. அதன் வழியாக வெளியே போவது அதைவிடப் பெரிய ஆபத்து. இந்த ஊரில் கப்பல் வேலைக்குப் போகும் இளைஞர்கள் பாஸ்போர்ட், சி.டி.சி. என்ற கப்பல் பணிப் புத்தகம், மருத்துவச் சான்று, படிப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே பென்டிரைவில் வைத்திருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக் கணினியில் காப்பி செய்து பிரிண்ட் எடுத்ததும், "டெலிட் பண்ணிருங்க அண்ணாச்சி" என்கிறார்கள். அண்ணாச்சியும் அவர்கள் கண்முன்னே டெலிட் செய்கிறார். கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. அதைக் காலி செய்தாலும் பெரும்பாலும் பெயர்ப்பட்டியலிலிருந்துதான் கோப்பு நீங்குகிறது. உள்ளடக்கம் அப்படியே கிடக்கலாம். இலவச மென்பொருளை வைத்து மீட்டுவிடலாம்.

பழைய ஹார்டுடிஸ்க் என்றால், அதே இடத்தின் மேல் வேறு எதையாவது எழுதி அழிக்கலாம். பென்டிரைவ், மெமரி கார்டு, போன் மூன்றிலும் இருப்பது ஃபிளாஷ் மெமரி. 1980-களில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கியது அது. அதில் தகவல் மின்னேற்றமாக நுண்ணறைகளில் தங்குகிறது. எழுதுவது சிறு பக்கம் பக்கமாக; அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய தொகுதி முழுவதையும். எழுதிய பக்கத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. ஒவ்வொரு தொகுதியும் இத்தனை முறைதான் அழித்து எழுதத் தாங்கும் என்ற கணக்கும் உண்டு. அதனால் உள்ளிருக்கும் கன்ட்ரோலர் சிப், புதுத் தகவலை வேறொரு காலி இடத்தில் எழுதிவிட்டு, பழையதை "செல்லாது" என்று குறித்து வைக்கிறது. அந்தப் பழைய பிரதி எப்போது அழியும் என்பது நம் கையில் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்தார்கள். தனிக் கோப்பை மேலெழுதி அழிக்கும் ஹார்டுடிஸ்க் முறைகள் ஃபிளாஷில் நம்பகமாக வேலை செய்யவில்லை.

ஆகவே தகவல் உள்ளே போகும் முன்பே பூட்டு போட்டுவிடவேண்டும். பூட்டு என்பது இங்கே என்க்ரிப்ஷன். டிரைவுக்குள் எழுதப்படும் ஒவ்வொரு எழுத்தும் சாவி இல்லாமல் படிக்க முடியாத குழப்பமாக மாறியே பதிகிறது. பழைய பிரதி எந்த மூலையில் மிஞ்சினாலும் கவலையில்லை. பெரிய எஸ்.டி. கார்டின் விளிம்பில் நகத்தால் தள்ளும் சின்னத் தடுப்பு ஒன்று இருக்குமே, அதைப் பலர் பூட்டு என்று நம்புகிறார்கள். அது எழுதுவதை மட்டும்தான் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது.

தொலைந்துபோன இரண்டு பென்டிரைவ்களின் கதையைக் கேளுங்கள். 2017 அக்டோபரில் லண்டன் தெருவில் ஒருவர் கண்டெடுத்ததில் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் இருந்தன. பாஸ்வேர்டும் இல்லை, என்க்ரிப்ஷனும் இல்லை. மறு ஆண்டு விமான நிலையத்துக்கு 1,20,000 பவுண்டு அபராதம் விழுந்தது. ஜப்பானின் அமாகசாகி நகரில் 2022 ஜூனில் ஒப்பந்த நிறுவன ஊழியர் ஒருவர், குடித்துவிட்டுத் தெருவில் தூங்கியதில் பையைத் தொலைத்தார். உள்ளே இருந்த பென்டிரைவில் நகரவாசிகள் சுமார் 4,60,000 பேரின் விவரமும் இருந்தது. அது பூட்டிய டிரைவ். சில நாளில் பை கிடைத்தது. விவரம் கசிந்ததாகத் தடயம் இல்லை. ஆனால் நகராட்சி அதிகாரிகள் செய்தியாளர் கூட்டத்தில் பாஸ்வேர்டு 13 எழுத்து என்று சொல்லிவிட, அதற்கே பெரிய கண்டனம் எழுந்தது. பாஸ்வேர்டைப் பற்றிய சிறு துப்பும் திருடனுக்கு உதவிதான்.

விண்டோஸ் புரோ உள்ள கணினியில் பென்டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்தால் பிட்லாக்கரை இயக்கும் வசதி வரும். ஹோம் பதிப்பில் பூட்டிய டிரைவைத் திறக்கலாம், புதிதாகப் பூட்ட முடியாது; அவர்களுக்கு வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. புதிதாக வாங்கியவுடன், காலியாக இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும். ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோக வேறொரு சின்ன பென்டிரைவ் போதும். அன்றைக்குத் தேவையான ஒரே கோப்பு மட்டும் அதில் இருக்கட்டும்.

போன் விஷயத்தில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து உள்நினைவகத்துக்கு என்க்ரிப்ஷன் கட்டாயம். ஃபேக்டரி ரீசெட் செய்தால் சாவி அழிந்து, மிச்சம் எதுவும் படிக்க முடியாததாகிவிடும். ஆனால் ஸ்கிரீன் லாக்கே போடாமலோ, 1234 என்று போட்டோ வைத்திருப்பவருக்கு இதனால் பயன் குறைவு. மெமரி கார்டு தனிக் கதை. சாதாரணமாகச் செருகும் கார்டு பூட்டப்படுவதில்லை. போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போதும் செல் கடையில் ரிப்பேருக்கு விடும்போதும் கார்டையும் சிம்மையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பின் நம்பரைச் சீட்டில் எழுதிக் கடையில் கொடுக்காதீர்கள்.

பூட்டினால் மட்டும் போதாது, பிரதியும் வேண்டும். இதை 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொண்டு கேளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த போனில் ஃபிளாஷ் சிப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் சாவி போனின் பிராசசரோடு பிணைந்தது. போர்டு செத்துவிட்டால் சிப்பை மட்டும் கழற்றி வேறிடத்தில் படிக்க முடியாது. திருடனைத் தடுக்கும் அதே பூட்டு அப்போது உரியவரையும் தடுக்கிறது. அதனால் முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி, இன்னொரு வீட்டில் அல்லது கிளவுடில், அவசியம். பீரோவில் பல ஆண்டு சும்மா கிடக்கும் பென்டிரைவையும் நம்பவேண்டாம். மின்னேற்றம் மெல்லக் கசியும்.

மீனவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. முத்துச் சிப்பி கிடைக்கும் எந்தப் பார் எங்கே என்பது அன்று தலைமுறை அறிவு, கரை அடையாளங்களை வைத்துச் சொல்வது. இன்று மீன் கிடைக்கும் இடங்களும் வலை சிக்கும் பாறைகளும் ஜி.பி.எஸ். கருவியில் புள்ளிகளாக இருக்கின்றன. கருவி கடலில் விழுந்தால் புள்ளிகளும் போகும். விற்றால் அவையும் கூடவே போகும். சீசன் முடிந்ததும் புள்ளிகளை நோட்டில் எழுதி வையுங்கள்; விற்கும் முன் கருவியில் அழியுங்கள்.

போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதையும் அந்த நோட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் சி.இ.ஐ.ஆர். பகுதியில் அந்த எண்ணைப் பதிந்து போனை முடக்கலாம். நாடு முழுவதற்கும் 2023 மே முதல் இந்த வசதி இருக்கிறது. ஆன்லைன் மோசடியில் பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கடைசியாக, மறுபடி பென்டிரைவுக்கு வருவோம்: பிட்லாக்கர் போடும்போது அது 48 இலக்க மீட்புச் சாவி ஒன்றைத் தரும். அதை அதே பென்டிரைவிலோ, அதே பையிலோ வைக்கக் கூடாது. தாளில் அச்சடித்து வீட்டில் வையுங்கள். டிரைவில் சான்றிதழ்களை ஏற்றும் முன், வேறொரு கணினியில் செருகி, பாஸ்வேர்டால் ஒரு முறை, மீட்புச் சாவியால் ஒரு முறை திறந்து பாருங்கள். இரண்டும் திறந்தால் ஏற்றத் தொடங்கலாம்.