ஆரோக்கியமான சபையும் நமது பொறுப்பும்

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி இறம்பொடையில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை இப்பகுதித் தோட்டங்களிலுள்ள சிற்றாலயங்களுக்குச் செலவிடலாம் என்ற யோசனை நம் முன் இருக்கிறது. கூரைத் தகடு மாற்றலாம், சுவருக்குப் பெயின்ற் அடிக்கலாம், ஒலிபெருக்கி வாங்கிக் கொடுக்கலாம் என்று பலரும் சொல்லியிருக்கிறோம். இவை வேண்டாதவை அல்ல. இறம்பொடை மழையில் வளர்ந்த நமக்கு ஒழுகும் கூரையின் கஷ்டம் தெரியும். ஆயினும் பணத்தைக் கொடுப்பதற்கு முன், ஒரு சபையை உயிரோடு வைத்திருப்பது எது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. நம்மிடையே இந்துச் சகோதரிகளும் இருக்கிறார்கள். சபை என்று நாம் சொல்லும் இடத்தில் உங்கள் தோட்டத்துக் கோயில் பரிபாலன சபையை வைத்துப் பார்த்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

1854ஆம் ஆண்டில், சர்ச் மிஷனரி சங்கத்தின் ஆதரவோடு, கோப்பித் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களுக்கென ஒரு மிஷன் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. இன்று அதைச் சொல்லவே நாக் கூசுகிறது. பின்னாளில் அந்தப் பெயர் கைவிடப்பட்டது. கோப்பித் துரைமாரின் சந்தாப் பணம் அதற்கு உதவியது. ஆனால் தோட்டம் தோட்டமாக நடந்து, லயத்து வாசலில் உட்கார்ந்து பேசி, சபையைக் கூட்டியவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசியார்கள். சோறாக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனியே எடுத்து வைக்கும் வழக்கம் வேரூன்றிய சீமை அது.

அந்தக் காலத்தில் லண்டனில் அச்சங்கத்தின் செயலாளராக இருந்தவர் ஹென்றி வென். ஒரு சபை தன் செலவைத் தானே தாங்க வேண்டும், தன்னைத் தானே நிர்வகிக்க வேண்டும், தன் செய்தியைத் தானே பரப்ப வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். தான் தேவைப்படாத ஒரு நாள் வர வேண்டும் என்றே மிஷனரி உழைக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

மலையகத்தில் சபைகளின் பலம் சோதிக்கப்பட்ட நாள் வேறு வழியாக வந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் நீலகிரி, கூடலூர் என்று போய்ச் சேர்ந்தார்கள். அதே 1964ஆம் ஆண்டில்தான் இலங்கை மெதடிஸ்த திருச்சபை சுயாதீனம் பெற்றது. நிர்வாகம் நம் கைக்கு வந்த வேளையிலேயே நம் மக்கள் கடல் கடக்க நேர்ந்தது.

இப்படியொரு பிரிவைச் சந்திக்கும் சபையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஜெபம் நடத்துவதும் பாட்டு எடுப்பதும் கணக்கு வைப்பதும் ஒரே ஆள் என்றால், அவர் பெட்டி கட்டிய நாளிலேயே சபையும் கலைந்துவிடும். அந்த வேலைகள் நாலு பேருக்குத் தெரிந்திருந்தால், பாதிப் பேர் போன பின்னும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபை கூடும். சீனாவில் நடந்ததும் இதுதான். 1950களின் தொடக்கத்தில் வெளிநாட்டு மிஷனரிமார் வெளியேறினர். 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியில் ஆலயங்கள் மூடப்பட்டன. ஆனால் வீடுகளில் இரகசியமாகக் கூடியவர்கள் சபையைக் காப்பாற்றினார்கள். அவர்களில் பெண்களின் பங்கு பெரிது.

இதிலிருந்து ஆரோக்கியமான சபைக்கு மூன்று அடையாளங்களைச் சொல்லலாம்.

முதலாவது, வேலை பகிரப்பட்டிருக்க வேண்டும். காலை முதல் மாலை வரை தனியே நியாயம் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து, நீரும் களைத்துப் போவீர், ஜனங்களும் களைத்துப் போவார்கள் என்று எச்சரித்தவர் அவருடைய மாமனார் எத்திரோ. ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு ஒவ்வொரு தலைவரை வைக்கச் சொன்ன அவருடைய ஆலோசனையை யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மெதடிஸ்தர்கள், ஆலயக் கட்டடக் கடனை அடைப்பதற்காக ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்க்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர் பொறுப்பு. காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள், எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் சண்டை என்பதைக் கண்டுகொண்டார்கள். ஜோன் வெஸ்லி அதையே சபைப் பராமரிப்பின் முறையாக்கினார். குருவானவர் மாதத்துக்கு ஒரு முறை மட்டுமே வந்துபோகும் தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எது? ஒரு லயத்துக்கு ஒருவர் பொறுப்பாக இருந்தாலே போதுமே!

இரண்டாவது, உழைப்பவர்களுக்கே தீர்மானத்திலும் கணக்கிலும் இடம் இருக்க வேண்டும். எருசலேமின் ஆதிச் சபையில், அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர் அதை மூடி மறைக்கவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பக்கத்தாரின் கையிலேயே பந்தியை ஒப்படைத்தார்கள் என்று கொள்ளலாம். நம் தோட்டத்து ஆலயங்களைப் பெருக்குவதும், பூ வைப்பதும், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும், கிறிஸ்மஸ் தேநீர் ஊற்றுவதும் பெண்கள். சபைச் செயற்குழுக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைத்தால், கொழுந்து நிறுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டும் பெண் எப்படி வருவாள்? இலங்கையின் அங்கிலிக்கன் திருச்சபை 2006ஆம் ஆண்டிலேயே பெண்களைக் குருமாராக அபிஷேகம் செய்துவிட்டது. தோட்டத்துச் சபையின் கணக்குப் புத்தகம் ஒரு பெண்ணின் கைக்கு வருவதற்கு இனியும் என்ன தடை? அந்தக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆலயத்திலேயே சத்தமாக வாசித்தால், வெளியே முணுமுணுப்புக்கு இடமிராது.

மூன்றாவது, நோயாளிக்கு அந்தச் சபை நல்லது செய்ய வேண்டும். வைத்தியர்களான நாம் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வலிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்து எடுப்பவரிடம், 'விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?' என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியே உயிருக்கு ஆபத்து. காசநோய்க்குக் குறைந்தது 6 மாதம் தவறாமல் மருந்து எடுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் குறைந்ததும் நிறுத்திவிடத் தோன்றும். அப்போது வாரம் ஒரு முறை வீட்டுக்குப் போய், ஜெபித்துவிட்டு, 'மாத்திரை முடிந்துவிட்டதா, கிளினிக்குக்கு யார் கூட வருவது?' என்று கேட்கும் ஒரு சகோதரி, அந்த மருந்துக்குச் சமம். அதேபோல, குடித்துவிட்டு மனைவியை அடிப்பவரின் வீட்டு விஷயத்தை 'குடும்ப விஷயம்' என்று தள்ளிவிடும் சபையில் எத்தனை பேர் கூடினாலும் அது சுகமான சபை அல்ல. அடிபட்டவள் நம்பிப் பேசக்கூடிய ஒருத்தி, கேட்டதைக் கடை வீதியில் சொல்லாத ஒருத்தி, ஒவ்வொரு சபையிலும் வேண்டும்.

இன்று நம் இளைஞர்கள் கப்பலேறுவதில்லை, கொழும்புக்குப் பஸ் ஏறுகிறார்கள். படித்த பிள்ளைகளே முதலில் போகிறார்கள். இந்த மண்டபத்திலிருக்கும் நாமே அதற்குச் சாட்சி. இருப்பவர்களுக்கும் கொழுந்து கூடிய காலத்தில் ஞாயிறன்று கைக்காசு வேலை வந்துவிடுகிறது. ஆகவே, எண்ணிக்கை குறைவதை மட்டும் வைத்து ஒரு சபையை நோயாளி என்று சொல்ல முடியாது. பத்துப் பேர் கூடினாலும், அடுத்துப் பொறுப்பெடுக்க அவர்களில் இருவர் ஆயத்தமாக இருந்தால் அந்தச் சபை சுகமாக இருக்கிறது. வெளியூரிலிருந்து மாதாமாதம் பணம் வந்து, உள்ளூர்க் காணிக்கைத் தட்டு வெறுமையானால், கூரை எவ்வளவு மினுங்கினாலும் அந்தச் சபைக்குச் சுகமில்லை.

எனவே, இன்று பிற்பகல் பொதுக்கூட்டத்துக்கு நாம் முன்வைக்கும் யோசனை இது. நிதியில் ஒரு பங்கு கூரைக்குப் போகட்டும். அதையும் முழுவதுமாக நாம் கொடுக்காமல், அந்தச் சபை தன்னால் இயன்றதைச் சேர்த்த பின் மீதியைக் கொடுப்போம். அது ஒரு கைப்பிடி அரிசியானாலும் சரி. மற்றப் பங்கை ஆட்களுக்காகச் செலவிடுவோம். ஒவ்வொரு சபையிலிருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண், கணக்கு வைக்கவும் ஆராதனை நடத்தவும் நோயாளரைச் சந்திக்கவும் பயிற்சி பெறட்டும். அவர்களுடைய பஸ் காசையும், வேலைக்குப் போகாத நாளின் சம்பளத்தையும் நாம் ஈடு செய்வோம். நம்மிடையே வங்கியில் வேலை செய்பவர்கள் கணக்கைக் கற்றுக் கொடுக்கலாம், ஆசிரியைகள் ஞாயிறு பாடசாலையைப் பார்க்கலாம், வைத்தியரும் தாதியரும் நோயாளர் சந்திப்பைக் கற்றுக் கொடுக்கலாம். மூன்று வருடத்தில் நாம் விலகிக்கொள்வோம் என்று இப்போதே எழுதி வைப்போம். நாம் விலகிய பின்னும் அந்த வேலை நடந்தால், நூற்றாண்டு நிதி நல்ல வழியில் போனதாக அர்த்தம்.

பிற்பகல் கை உயர்த்தும்போது இதை யோசித்து உயர்த்துவோம்.